தோணிரேவுக்கு ஒரு திருடன் வேண்டும்

உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், பழவேற்காட்டில் கோட்டை கட்டி, கொடியேற்றி, அதற்குள் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்த காலம். ஏரிக்கரையில் தோணிரேவு என்ற ஊரில் அப்போது கதவு என்கிற சாமானே கிடையாது. குடிசைக்குக் குடிசை ஒரு பனையோலைத் தட்டி இருக்கும். அதுவும் மனிதருக்காக வைத்ததல்ல, நாய்க்காக வைத்தது. ஏரிக்குப் போகிற அவசரத்தில் அதைக்கூடச் சாத்த மறந்துவிடுவார்கள்.

அடுப்பு அவிந்துபோனால் பக்கத்து வீட்டுக்குள் போய் ஒரு கங்கு எடுத்து வருவது, அப்படியே அங்கே கொதிக்கிற குழம்பைத் தொட்டு நக்கிப் பார்த்து உப்பு போடுவது, தூளியில் பிள்ளை அழுதால் ஆட்டிவிட்டு வருவது, இதெல்லாம் அங்கே அன்றாடம். வீட்டுக்காரி திரும்பி வந்து குழம்பை வாயில் வைத்துப் பார்த்து, வந்தது யார் என்று சொல்லிவிடுவாள். உப்புக் கை ஒவ்வொருத்திக்கும் ஒரு மாதிரி அல்லவா?

இன்னொரு பழக்கமும் உண்டு. தண்ணீரில் இறங்குகிறவர்கள் அருமையான பொருள் எதையும் உடம்பில் வைத்துக்கொண்டு போக மாட்டார்கள். ஏரி வாங்கினால் திருப்பிக் கொடுக்காது. கடுக்கனோ தாயத்தோ வெற்றிலைப் பெட்டியோ, எதுவானாலும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் படகு ஏறுவார்கள். அதை எங்கே வைத்தாய் என்று கேட்பது மரியாதை இல்லை. இந்தப் பழக்கத்தை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தோணிரேவுக்காரர்கள் வைத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் இந்தக் கதை.

அந்த ஊரில் சுப்பன் என்று ஒருவன் இருந்தான். வாட்டசாட்டமான ஆள், நல்ல பேச்சுக்காரன். ஒரே ஒரு குறை. படகில் கால் வைத்தால் வாந்தி எடுப்பான். பழவேற்காடு ஏரி என்ன, அலையடிக்கிற சமுத்திரமா? பாதி இடத்தில் இடுப்பளவுதான் தண்ணீர். அந்தத் தண்ணீரிலும் அவனுக்குத் தலை சுற்றியது. செம்படவர் ஊரில் பிறந்து தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போனால் அவனை என்ன செய்வது? கரையில் வலை காயவைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரைச் சிரிக்கவைத்துக்கொண்டு இருந்தான்.

அப்படிச் சிரித்தவர்களில் ஒருத்தி எல்லம்மா. தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவள். கையும் கெட்டி, வாயும் கெட்டி. ஊரிலேயே மீன் வாடை அடிக்காத ஆண்பிள்ளை சுப்பன் ஒருத்தன்தான் என்று அவளுக்கு அவன்மேல் ஆசை. அவள் அப்பன் மாசிலாமணியோ வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"தண்ணியப் பாத்தா வாந்தி எடுக்கிறவனுக்கு என் பொண்ணா? மீனு இன்னா, தானா நடந்து வந்து சட்டியில குதிக்குமா?"

"நான் புடிக்கிறேன் நைனா, அவரு தின்னட்டும்" என்றாள் எல்லம்மா.

"தின்றதுக்கு ஒரு மாப்பிள்ளையா! போடி உள்ள."

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் கோட்டைக்குப் புதிதாக வான் ஸ்லோட்டன் துரை வந்து சேர்ந்தார். மகா கனம் பொருந்திய பத்திர பரிபாலன விசாரணைக் கர்த்தர் என்பது அவர் உத்தியோகத்தின் பெயர். அதற்கு என்ன வேலை என்று அவருக்கும் தெரியாது, அனுப்பினவர்களுக்கும் தெரியாது. தலையில் ஆட்டுக்கிடா மாதிரி ஒரு பொய்முடி. கூடவே துபாஷி சம்பந்தம். இவர் திருப்பாலைவனத்து நெல் விவசாயக் குடும்பம். நாலு பாஷை பேசுவார், நாலிலும் துரைக்குப் பிடித்ததைத்தான் பேசுவார்.

ஒரு நாள் காலை துரை தோணிரேவைப் பார்வையிட வந்தார். ஊரே ஏரியில் இருந்தது. கரையில் இருந்த ஒரே ஆண்பிள்ளை சுப்பன். துரை ஒரு குடிசைக்குள் நுழைந்தார், வெளியே வந்தார், இன்னொன்றில் நுழைந்தார். அவர் முகம் சிவந்துபோயிற்று. சம்பந்தத்தின் வழியாக விசாரணை தொடங்கியது.

"இந்த வீட்டுக்காரர்கள் எங்கே என்று துரை கேட்கிறார்."

"ஏரிக்குப் போயிருக்காங்க சாமி."

"கதவு எங்கே?"

"கதவு எதுக்கு?"

"திருடன் வந்தால்?"

சுப்பன் யோசித்துப் பார்த்தான். "வந்தா உக்காரச் சொல்லுவோம். வந்தவங்கள நிக்கவச்சிப் பேசினா நல்லாவா கீது?"

துரை அங்கேயே மணலில் ஒரு நாற்காலி போடச் சொல்லி, அதில் அமர்ந்து சிந்தித்தார். இங்கே சாமான்கள் இருக்கின்றன. மனிதர்களும் இருக்கிறார்கள். சாமானும் மனிதனும் சேர்ந்து இருக்கிற இடத்தில் திருடன் இல்லாமல் இருக்க முடியாது. ஆகையால் இங்கே திருடன் இருக்கிறான். இதுவரை அவனை ஒருவரும் கண்டதில்லை என்றால் அவன் மிகவும் தேர்ந்த திருடன். ஆகவே ஆபத்து மிகப் பெரியது.

சம்பந்தம் கண்ணில் நீர் வராத குறையாக, "இப்படி ஒரு அறிவை இந்தக் கரை கண்டதில்லை" என்றார்.

உடனே தோணிரேவுக்கு ஒரு காவல் உத்தியோகம் உண்டாக்கப்பட்டது. கைக்குக் கிடைத்த ஆள் சுப்பன் என்பதால் அவனுக்கே அது கிடைத்தது. முழங்கால்வரை தொங்கும் சிவப்புக் கோட்டு, பித்தளைப் பூண் போட்ட தடி. மாசிலாமணி ஏரியிலிருந்து திரும்பிவந்து அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். துணியை விரலால் நீவிப் பார்த்தார். பிறகு சுப்பனை முதல் தடவையாக "மாப்ள" என்றார்.

"ஆனா ஒண்ணு. கோட்டு உன் உடம்புல கீற வரைக்கும்தான் நீ மாப்ள. கோட்டு போச்சுன்னா பேச்சும் போச்சு."

கோட்டுக்கும் ஒரு கெடு இருந்தது. மாசி மாதத்துக்குள் ஒரு திருடனையாவது பிடித்துக் காட்ட வேண்டும். திருடனே இல்லாத ஊருக்குக் காவல்காரன் எதற்கு? இது துரையின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

சுப்பன் வீடு வீடாக ஏறி இறங்கினான். பக்கத்து வீட்டுக் காசியம்மாளிடம் முதலில் போனான்.

"அக்கா, உன் வூட்டுல எதனா காணாம போச்சா?"

"போச்சுடா. என் புருசன் காத்தாலருந்து காணோம்."

"அய்யே, அது இல்லக்கா."

"நீ கண்டுபுடிச்சின்னா கோட்டையிலயே வச்சிக்கச் சொல்லு, திருப்பிக் குடுக்க வாணாம்."

எங்கே போனாலும் இதே கதைதான். ஒரு வீட்டில் சட்டி காணோம் என்றால் அது அடுத்த வீட்டில் இருந்தது. அடுத்த வீட்டில் கேட்டால், "நான்தான் எடுத்தாந்தேன், அதுக்கு இன்னா இப்ப?" என்றார்கள். எடுத்து வருவதற்கும் திருடுவதற்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுக்கப் போய்ச் சுப்பன் இரண்டு இடத்தில் அடி வாங்கப் பார்த்தான். தை பிறந்தது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கரையில் கோட்டோடு உட்கார்ந்து அழுதே விட்டான்.

எல்லம்மா அவனை நேரே மாணிக்கம் பெரியவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாணிக்கம் ஊரில் பாடு சொல்கிறவர். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் ஒருத்தனுக்கே போகக் கூடாது, ஒருத்தன் வயிறு காயவும் கூடாது. தன் பாடு இல்லாத நாளில் காலடியில் மீன் துள்ளினாலும் ஒருத்தனும் வலை வீச மாட்டான்.

மாணிக்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "இதுக்கா அழுவுற? மீனுக்கு முறை வச்சிக் கீறோம். திருட்டுக்கும் வச்சிட்டாப் போச்சு. ஆளுக்கு ஒரு பாடு. நம்ம ஊர்ப் பொண்ணு கண்ணாலத்துக்கு ஊரு இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

முதல் பாடு சகாதேவனுக்கு விழுந்தது. காசியம்மாளின் அம்மிக்கல்லைத் திருட வேண்டும். பட்டப்பகலில் வந்தான். கல் அசையவில்லை.

"யக்கா, நீயும் ஒரு கை புடியேன்."

காசியம்மாள் ஒரு பக்கம் பிடித்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பின்னாலேயே பிடிக்க வந்துகொண்டிருந்த காவல்காரன், தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தாங்கிக்கொண்டான். இப்படியாகத் திருடனும் காவலும் களவுப் பொருளும் ஒன்றாகவே கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். துரை நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார்.

சகாதேவன் கோட்டைச் சிறையில் இருந்துவிட்டு வந்தான். போனபோது இருந்ததைவிடக் கன்னம் உப்பியிருந்தது. தினம் ரொட்டி, கோழிக்கறி, படுக்க வைக்கோல் மெத்தை. பிறந்ததிலிருந்து மீனையே தின்று அலுத்த ஊர் இதைக் கேட்டது. அவ்வளவுதான், மாணிக்கத்துக்குப் பேஜாராகிவிட்டது. "என் பாடு எப்போ, என் பாடு எப்போ" என்று விடியுமுன்னே வாசலில் கூட்டம். பல் விழுந்த கிழவர்கள் எல்லாம் எங்களை முன்னால் விடுங்கள், எங்களுக்கு நாள் இல்லை என்றார்கள்.

இன்னொரு பக்கம் வேலம்மா என்கிறவள் தலைவிரி கோலமாக வந்து நின்றாள். "எல்லார் வூட்டுலயும் திருடுறீங்க, என் வூட்டுல மட்டும் ஒருத்தனும் வந்து எட்டிப் பாக்கல. நான் இன்னா அவ்ளோ இல்லாதவளா? சொந்தக்காரங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" அவளைச் சமாதானம் செய்ய அன்று மாலையே அவள் வீட்டில் ஒரு முறத்தைத் திருடவேண்டி வந்தது.

கோட்டையில் துரைக்குப் புகழ் ஏறிக்கொண்டே போயிற்று. அவர் வருவதற்கு முன்னால் இந்தக் கரையில் திருட்டே கிடையாது. அவர் வந்த பிற்பாடு வாரம் தவறாமல் திருட்டு. நிர்வாகம் நடக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? மேலிடத்திலிருந்து பாராட்டும், அதன் பின்னாலேயே ஒரு கப்பல் நிறையப் பூட்டும் வந்தன.

ஒவ்வொன்றும் இளநீர்க்காய் பருமன். இரும்பு. உலாந்தா தேசத்து வேலைப்பாடு. அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், சாவியே வேண்டாம். திறக்கத்தான் சாவி வேண்டும். சம்பந்தம் ஊர் நடுவில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு உத்தரவைப் படித்தார்.

"இதனால் தோணிரேவுச் சகல குடிகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று முதல் வீட்டைப் பூட்ட மறப்பது குற்றம். பூட்டை உடைப்பது அதைவிடப் பெரிய குற்றம், ஏனென்றால் பூட்டு கோட்டையினுடையது. வீட்டுக்குள் சாவியில்லாமல் நுழைகிற எவரும் திருடர் என்று கொள்ளப்படுவர்."

பூட்டை எதில் மாட்டுவது? தட்டியில்தான். பாரம் தாங்காமல் முதல் நாளே ஊரிலிருந்த தட்டியெல்லாம் குப்புற விழுந்தது. மூங்கில் நட்டு முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த நாள் துரை பார்வைக்கு வந்தபோது எல்லா வீடும் பூட்டியிருந்தது. எல்லாப் பூட்டுக்கும் பக்கத்திலேயே சாவி தொங்கியது.

"சாவி ஏன் இங்கே தொங்குகிறது என்று துரை கேட்கிறார்."

"பக்கத்து வூட்டுக்காரி கங்கு எடுக்க வருவா இல்ல?" என்றாள் காசியம்மாள். "சாவி இல்லாம எப்படி உள்ள போவா? பாவம்."

துரை தலையில் கைவைத்துக்கொண்டார், பொய்முடி கழன்று விழுந்தது. சாவி வெளியே தொங்கக் கூடாது என்று இன்னொரு உத்தரவு போட்டார். அதன் பிறகு அந்த வாரத்துத் திருடன் வீட்டுக்காரியிடம் போய், "யக்கா, இன்னிக்கு என் பாடு, சாவிய குடு" என்று கேட்டு வாங்கித் திறந்து, திருடிவிட்டு, மறக்காமல் பூட்டிவிட்டுப் போனான்.

ஆனால் உத்தரவுக்கு மசியாத ஊர் நாகரிகத்துக்கு மசிந்துவிட்டது. பெண்கள் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். நடக்கும்போது அது மார்பில் இடித்து டங் டங் என்று கேட்க வேண்டும். கேட்காதவளை ஒருத்தியும் மதிக்கவில்லை. ஆண்கள் விடிந்ததும் புளி போட்டுப் பூட்டைத் துலக்கினார்கள், வலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். காட்டுப்பள்ளியில் ஒருத்தன் எங்கேயோ அலைந்து இரண்டு பூட்டு சம்பாதித்துவிட்டானாம். அவனுக்குப் பெண் கொடுக்கப் பல ஊரிலிருந்து ஆள் போயிற்று. மாசிலாமணிகூட ஒரு நடை போய் அந்த இரண்டாவது பூட்டைப் பார்த்துவிட்டு வந்து பெருமூச்சு விட்டார்.

கங்கு எடுக்கப் போகும் வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. குழம்பில் உப்பு குறைந்தால் குறைந்ததுதான்.

வைகாசியில் கல்யாணம் குறித்தார்கள். சுப்பன் கோட்டு கெட்டியாக உடம்பில் இருந்தது. கல்யாணத்தன்று காலை ஊரே படகேறி ஏரி நடுவில் திட்டிலிருக்கும் அம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்து, பிறகு கரைப் பந்தலில் தாலி கட்டுவது வழக்கம். விடியற்காலையிலேயே சுப்பன் கோட்டைக்கு நடந்துபோய்த் துரையை அழைத்தான். துரைக்கு ஒரே சந்தோஷம். அம்மன் திட்டுக்குப் படகில்தான் வரவேண்டும் என்றதும் சம்பந்தம், தண்ணீரில் சாவி கொண்டுபோகக் கூடாது என்ற ஊர்ப் பழக்கத்தை எடுத்துச் சொன்னார். துரை தன் அறையைப் பூட்டினார். வெளித் தாழ்வாரத்தில், தோணிரேவுப் பூட்டுகளின் மறுசாவிகள் எல்லாம் இருக்கும் இரும்புப் பெட்டியில் அறைச் சாவியைப் போட்டு அழுத்தி மூடினார். பெட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது? கோட்டைக்குள் ஒருவரையும் நம்ப முடியாது, அங்கே எல்லாரும் உத்தியோகஸ்தர்கள். அதைச் சுப்பன் கையில் கொடுத்தார். சுப்பன் அதைக் கொண்டுவந்து தன் வீட்டுக்குள் தாலிக்குப் பக்கத்தில் வைத்தான்.

பிறகு ஊர் கிளம்பியது. உத்தரவுப்படி எல்லாரும் பூட்ட வேண்டும். பழக்கப்படி ஒருத்தரும் சாவியைத் தண்ணீரில் கொண்டுபோகக் கூடாது. அருமையான பொருளை எங்கே வைப்பார்கள்? பக்கத்து வீட்டில்தான். வரிசையாகச் சாவி கை மாறியது. வாங்கினதைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு, பூட்டை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் படகேறினார்கள். எல்லாருக்கும் திருப்தி. பக்கத்து வீட்டுக்காரரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

திட்டிலிருந்து திரும்பும்போது சுப்பன் படகில் குப்புறப் படுத்திருந்தான். கரையில் அவனை இரண்டு பேர் தூக்கி நிறுத்தி, முகத்தில் தண்ணீர் அடித்து, பந்தலில் உட்கார வைத்தார்கள். கோட்டைப் படகில் துரையும் சம்பந்தமும் அப்போதுதான் வந்து இறங்கினார்கள். மேளம் கொட்டியது.

"தாலிய எடுத்தா மாப்ள, நேரம் ஆவுது" என்றார் மாசிலாமணி.

"வூட்டுல கீது மாமா."

"சாவி?"

"காசியம்மா அக்கா வூட்டுல."

காசியம்மாள் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "என் வூட்டுச் சாவி சகாதேவன் வூட்டுல கீது."

"என்னுது வேலம்மா வூட்டுல" என்றான் சகாதேவன்.

"என்னுது மாசிலாமணி அண்ணன் வூட்டுல" என்றாள் வேலம்மா.

இப்படியே வரிசை முழுக்கப் போய்க் கடைசி வீட்டு மாணிக்கத்திடம் வந்து நின்றது. அவர் முகத்தில் நிம்மதி. "என் வூட்டுச் சாவி பத்திரமா கீது. சுப்பன் வூட்டுல வச்சிட்டேன். காவல்காரன் வூடாச்சே!"

மேளக்காரன் அடிப்பதை நிறுத்தினான். ஊர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது.

துரைக்குச் சம்பந்தம் விளக்கிச் சொன்னார். துரை புன்னகை செய்தார். இப்படி மறதியுள்ள ஜனங்களுக்காகத்தானே கோட்டையில் மறுசாவிகள் இருக்கின்றன? அவை இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டிச் சாவி என்று ஆரம்பித்து, சுப்பனைப் பார்த்தார். சுப்பன் தன் வீட்டைப் பார்த்தான். துரை புன்னகையை நிறுத்திக்கொண்டார்.

எல்லாரும் சுப்பன் வீட்டு முன்னால் போய் நின்றார்கள். பூட்டு வெயிலில் பளபளவென்று இருந்தது. சகாதேவன் ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். "ஐயோ, கோட்டைப் பூட்டுடா, உடைச்சிடாத!" என்று நாலு பேர் கத்தினார்கள். வேலம்மா பூட்டுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றலாமா என்று கேட்டாள். மாசிலாமணிக்கு வியர்த்துக் கொட்டியது.

"இந்த முகூர்த்தம் தாண்டிச்சின்னா இத்தோட சரி, சொல்லிட்டேன். காட்டுப்பள்ளியில அந்த ரெண்டு பூட்டுக்காரன் இன்னும் தயாராத்தான் கீறான்."

வாந்தி எடுத்தே செத்திருக்கலாம் என்று சுப்பனுக்குத் தோன்றியது. எல்லம்மாவைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் காசியம்மாளின் வெள்ளாடு ஒன்று அந்தக் குடிசையிலிருந்து வெளியே வந்தது. வாயில் பாதி தின்ற கல்யாண மாலை. பூட்டிய தட்டியின் வழியாக வரவில்லை. பக்கவாட்டுச் சுவர் வழியாக வந்தது.

சுவர் என்றால் என்ன? ஓலைக்கீற்று. இந்த ஜனங்களே முடைந்து, இந்த ஜனங்களே கட்டியது. ஒரு கை வைத்துத் தள்ளினால் வழிவிடும். பூட்டு வந்த நாள் முதல் எல்லாரும் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில், வீட்டுக்குச் சுவர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. ஆடு நின்று எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தது, மாலையின் மிச்சத்தை மென்றது.

"ஆனா சாவி இல்லாம உள்ள போனா திருட்டாச்சே" என்றான் சகாதேவன் மெதுவாக.

"அதான. இன்னிக்கு யாரு பாடு?" என்று ஒருவன் கேட்டான்.

மாணிக்கம் உதட்டைப் பிதுக்கினார். "கண்ணால நாளுன்னு யாருக்கும் போடல. முறை இல்லாம எவனும் திருடக் கூடாது. அப்புறம் ஊரு கெட்டுப் பூடும்."

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தலையாட்டி முடிப்பதற்குள் எல்லம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். "முறையும் வாணாம் கிறையும் வாணாம்! இதுக்குத்தானா இத்தினி நாளு காத்துக்கினு கெடந்தேன்?" கூறைச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஆடு வந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தாள். அடுத்த நிமிஷம் கையில் தாலியோடு வெளியே வந்தாள்.

"திருடி!" என்று துரை கூவினார். அவர் கண்ணால் கண்ட முதல் திருட்டு அது. ஆனந்தத்தில் அவர் குரல் நடுங்கியது. "காவல்! பிடி அவளை!"

சுப்பன் நின்றான். பிடிக்காவிட்டால் கோட்டு போகும், கோட்டு போனால் எல்லம்மா போவாள். பிடித்தால் எல்லம்மா சிறைக்குப் போவாள். தலை சுற்றியது, தரையிலேயே. வேறு ஒன்றும் தோன்றாமல் ஓடிப்போய் அவள் வலது கையை எட்டிப் பிடித்தான்.

மணப்பெண் கையை மாப்பிள்ளை பிடித்ததைப் பார்த்த பெண்கள் பழக்க தோஷத்தில் குலவையிட்டார்கள். மேளக்காரன் கண்ணை மூடிக்கொண்டு கெட்டிமேளம் கொட்டினான். அட்சதை பறந்தது. எல்லம்மா தாலியை அவன் பக்கம் நீட்டினாள்.

"புடிச்சிட்ட இல்ல? கட்டு."

கட்டினான்.

துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. சம்பந்தம் குனிந்து பணிவோடு சொன்னார். "திருடி கையும் களவுமாகப் பிடிபட்டாள் துரையவர்களே. திருடிய பொருளை அவள் கழுத்திலேயே கட்டி, ஊரார் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். இனி ஆயுள் முழுவதும் காவல்காரன் வீட்டிலேயே காவல்."

துரையும் கல்யாணம் ஆனவர்தான். "கடுமையான தண்டனை" என்றார் கடைசியில். "இருவருக்குமே."

அதோடு விட்டிருக்கலாம். சகாதேவன் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு, மாணிக்கத்தின் சாவியையும் பெட்டிச் சாவியையும் எடுத்து வர அந்த ஓட்டைக்குள் தலையை விட்டான். ஒரு சாவி கிடைத்தால் வரிசையாக எல்லா வீடும் திறந்துவிடும் அல்லவா?

"நில்!" என்றார் துரை. "குற்றம் நடந்த இடம். விசாரணை முடிகிறவரை இதற்குள்ளிருந்து ஒரு துரும்பும் அசையக் கூடாது."

"விசாரணை எப்போ?" என்றார் மாணிக்கம்.

"என் முத்திரை வைத்துத்தான் விசாரணை தொடங்க முடியும்."

"முத்திரை எங்க?"

"என் அறையில்."

அறைச் சாவி இரும்புப் பெட்டியில், பெட்டிச் சாவி இதே குடிசைக்குள். துரைக்கும் புரிந்துவிட்டது, ஆனால் போட்ட உத்தரவை ரத்து செய்யவும் அந்த முத்திரைதான் வேண்டும்.

பொழுது சாய்ந்தது. தோணிரேவு முழுவதும் அவரவர் வீட்டு வாசலில், பூட்டுக்கு நேராக மணலில் துண்டை விரித்துப் படுத்தது. துரை பொய்முடியை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார், பக்கத்தில் சம்பந்தம். மாசிலாமணி மருமகனுடைய கோட்டை வாங்கிப் போர்த்திக்கொண்டு குறட்டைவிட்டார். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கள் வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து அதைக் காவல் காத்தார்கள்.

"ஏன்யா" என்றாள் எல்லம்மா, "ஒரு கீத்தை நவுத்தினா எல்லாரும் உள்ள போயிடலாம். ஏன் ஒருத்தரும் போவல?"

"சாவி இல்லையே" என்றான் சுப்பன்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவளும் படுத்துக்கொண்டாள்.

அன்று ஒரு பூட்டும் உடையவில்லை, ஒரு பொருளும் களவு போகவில்லை. ஊரிலிருந்த ஆடுகள் மட்டும் வீட்டுக்கு வீடு உள்ளே போய்ப் பாயில் படுத்துத் தூங்கின. உத்தரவை அவற்றுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.